பத்தொன்பது பல்லும் ஒரு வெத்தலையும்

பாட்டின்னு கூப்பிட்டா கதை கிடையாது, இப்பவே சொல்லிட்டேன். அத்தைன்னு கூப்பிடு. அத்தைப்பாட்டியும் வேணாம், அந்த வாலைக் கத்தரிச்சுடு. உங்க தாத்தனுக்கு நாளைக்கு அறுபதாம் கல்யாணம்னா அது அவன் பாடு. கூடப் பிறந்த பாவத்துக்கு நானும் கிழவி ஆகணுமா?

தள்ளிப் படு மகிழ். என் தலையைத் தொடாதே, மை பூசியிருக்கேன். முப்பது நிமிஷம் காயணும்னு டப்பாவுல போட்டிருக்கு. போன்ல மணி வெச்சிருக்கேன். அது அடிக்கிற வரைக்கும் தலையணையில சாயவும் முடியாது, வெளியில போய் நாலு பேர் முகத்துல முழிக்கவும் முடியாது. கரண்டும் போச்சு. அதனாலதான் உனக்கு மத்தியானத்துல கதை.

"நாளைக்கு எப்போ அத்தை வரும்? வரவே மாட்டேங்குது."

புதுப் பாவாடைக்குத்தானே இந்தப் பறப்பு? வரும், வரும். கண்ணை மூடிக்கிட்டு "ம்" மட்டும் கொட்டு. "ம்" நின்னா கதையும் நின்னுடும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒருத்தர் இருந்தாரு. தில்லைவனம்னு பேரு. ஒரு ஓட்டு வீடு, ரெண்டு ஜோடி மாடு, வடிவாம்பாள்னு ஒரு பொண்டாட்டி, வாய் நிறைய நியாயம். பிள்ளை குட்டி கிடையாது. ஊர்ல எந்தப் பஞ்சாயத்துன்னாலும் அவரு போய் நடுவுல உக்காந்து, வெத்தலையை மென்னுக்கிட்டு, "இப்போ நான் கேக்கறேன்"னு ஆரம்பிப்பாரு. அவ்வளவுதான், எதிராளி அவுட்டு. அவருகிட்ட வாதாடி ஜெயிச்சவன் அந்த ஜில்லாவுலயே கிடையாது. வீட்டுலயும் அப்படித்தான். வடிவு சோத்துல உப்பு இல்லைன்னு தெரிஞ்சே வெச்சாக்கூட, உப்பு இருக்குன்னு அவளை ஒத்துக்க வெச்சுடுவாரு.

ஒரே ஒரு நேரம்தான் அவரு வாய் ஓயும். மத்தியானம் சாப்பிட்டதும் வடிவு வெத்தலை மடிச்சுக் குடுப்பா. காம்பைக் கிள்ளி, நரம்பை உரிச்சு, சுண்ணாம்பு தடவி, பாக்கை வெச்சு. அதை வாயில போட்டுட்டா பேச முடியாதில்ல? அப்போ அவ பேசுவா, அவரு "ம்" கொட்டுவாரு. உன்னை மாதிரி.

"ம்."

அப்புறம் அவருக்கு அறுபது ஆச்சு. இங்க ஒரு விஷயம் நீ தெரிஞ்சுக்கணும். நம்ம வருஷத்துக்கெல்லாம் நம்பர் கிடையாதுடி, பேருதான். அறுபது பேரு இருக்கு. அறுபதும் தீர்ந்துட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சுடும். பஸ் ஸ்டாண்டுல கிளம்பின டவுன் பஸ் ஊரைச் சுத்திட்டு அதே பஸ் ஸ்டாண்டுக்கு வருதுல்ல, அது மாதிரி. தில்லைவனம் பிறந்தது விகாரி வருஷம். அறுபது முடிஞ்சதும் பார்த்தா, திரும்பவும் விகாரி. உடனே பந்தல் போட்டு, கலசம் வெச்சு, வடிவுக்கே மறுபடி தாலி கட்டினாரு. மேளம் டும் டும் டும், பீப்பீ பீப்பீ.

அப்போ பந்தியில கடைசி இலையில ஒரு சின்னப் பையன் உக்காந்து பாயசத்தை சர்ரு சர்ருன்னு உறிஞ்சறான். இப்போதான் மீசை அரும்புது. தோள்ல ஒரு கயிறு. வாசல்ல ஒரு எருமைக்கடா, தோரணத்து மாவிலையை மொசுக் மொசுக்குன்னு தின்னுது. யாரு தெரியுமா அவன்? எமதூதன். பயப்படாதே, இவன் வேலைக்குப் புதுசு. மத்தவங்க கண்ணுக்குத் தெரியமாட்டான், இவங்க ரெண்டு பேர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிஞ்சான்.

கையைக் கழுவிட்டு வந்தான். ஓலையைப் பிரிச்சான். "தில்லைவனம், விகாரி வருஷம், ஆவணி மாசம், ரோகிணி. அறுபது முடிஞ்சதும் கூட்டிட்டு வரவும். பெரியவரே, கிளம்பலாமா? பாயசம் நல்லா இருந்துச்சு."

வேற ஆளா இருந்தா அங்கேயே மயக்கம் போட்டிருப்பான். இவரு வெத்தலையை ஒரு கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, "தம்பி, உக்காரு. இப்போ நான் கேக்கறேன். இது என்ன வருஷம்?"

"விகாரி."

"தில்லைவனம் பிறந்தது என்ன வருஷம்?"

"விகாரி."

"விகாரியில பிறந்தவனுக்கு விகாரியில எத்தனை வயசு?"

பையன் விரலை விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு விரல்கூட மடங்கலை. "ஒண்ணுகூட ஆகலையே."

"பார்த்தியா! நான் கைக்குழந்தைப்பா. அறுபது முடியட்டும், வா."

தூதன் முழிச்சான். ஓலையில வேற ஒண்ணுமே எழுதலை. ஆனா மீசையோட ஒரு கைக்குழந்தையை அவன் பார்த்ததில்ல. "சரி பெரியவரே. மூணு தடவை வந்து பார்ப்பேன். மூணு தடவையும் குழந்தையாவே இருந்தா அறுபது வருஷம் கழிச்சு வர்றேன். ஒரு தடவை கிழவரா மாட்டினாலும் அப்பவே கயிறுதான்"னு சொல்லிட்டு, எருமை மேல ஏறி டக் டக்குன்னு போயிட்டான்.

தில்லைவனம் தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. "எமன் ஆளையே மடக்கிட்டேன் பார்த்தியா வடிவு!" வடிவு கேட்டா, "அது சரிங்க. குழந்தைக்கு ஏதுங்க மீசை?"

போச்சு, மீசை. நாவிதர் வந்து சரக் சரக்குன்னு வழிச்சுட்டாரு. தலையும் மொட்டை.

"குழந்தைக்கு ஏதுங்க பல்லு?"

அவரு வாயைப் பொத்திக்கிட்டாரு. அறுபது வயசுக்குப் பத்தொன்பது பல்லு மிச்சம் வெச்சிருந்தாரு, அதுல ரொம்பப் பெருமை வேற. ஆனா உசுரா பல்லான்னு வந்தா என்ன பண்றது? ஒவ்வொரு பல்லுலயும் நூலைக் கட்டி, மறு நுனியைக் கதவுல கட்டி, வடிவு கதவைச் சாத்தினா. டப்! ஐயோ! டப்! ஐயோ! இப்படிப் பத்தொன்பது தடவை. பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. பஞ்சாயத்துக்காரரு அன்னையில இருந்து "ஙா, ஙா"தான்.

"வலிச்சுதா?"

வலிக்காம? பேசாம கேளு.

சேலையில தூளி கட்டினா கிழிஞ்சுடும்னு ஜமுக்காளத்துல கட்டி அவரைப் படுக்க வெச்சா. உத்தரம் கிரீச் கிரீச்சுன்னு முனகுது. எனக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும், உங்க தாத்தனைத் தூளியில போட்டு ஆட்டினவளே நான்தானே... அதாவது, ஆட்டினதா வீட்டுல பேசிப்பாங்க. நீ "ம்" கொட்டு.

"ம்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்வாங்க. இவரு சுடுகாட்டுக்குப் போற வயசுல தொட்டில் பழக்கம் பழகினாரு. ஊர்க்காரங்க எட்டிப் பார்த்தாங்க. பெரிய மனுஷன், ஏதோ வேண்டுதலா இருக்கும்னு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. பஞ்சாயத்தெல்லாம் அவரு இல்லாமலே சீக்கிரம் சீக்கிரமா முடிஞ்சுது. அது தெரிஞ்சதும் அவருக்குப் பல்லு பிடுங்கினதைவிட அதிகமா வலிச்சுது.

அப்போ தூதன் முதல் தடவை வந்தான். தூளியை விலக்கிப் பார்த்தான். "அம்மாடி! எவ்வளவு பெரிய குழந்தை!"

"அவங்க அப்பா வழியில எல்லாருமே ஓங்குதாங்கான உடம்புப்பா"ன்னா வடிவு.

அவன் கிலுகிலுப்பையை எடுத்து கிலு கிலு கிலுன்னு ஆட்டினான். குழந்தைன்னா சிரிக்கணும்ல? இவரு சிரிக்கப் பார்க்கறாரு, வரலை. அடுத்தவனைத் தோக்கடிச்சாத்தான் அவருக்குச் சிரிப்பு வரும். சும்மாச் சிரிக்கிறது எப்படின்னு மறந்தே போச்சு. தூதன் கயிறை மெதுவா அவிழ்க்கிறான். பார்த்தா வடிவு, தூளிக்கு அடியில கையை விட்டு நறுக்குன்னு ஒரு கிள்ளு! "ங்ஙே... ங்ஙே..."ன்னு ஒரே அழுகை. வடிவு மடியில போட்டுத் தட்டிக்குடுத்தா. கிள்ளின வலி எப்பவோ போயிடுச்சு, அவரு மட்டும் நிறுத்தலை. பெரிய மனுஷன் ஆனதுல இருந்து அவரு அழுததே இல்ல. ரொம்ப நாள் பாக்கி. "சரி, குழந்தைதான்"னு தூதன் போயிட்டான்.

அப்புறம் அவருக்கு அஞ்சு வயசு ஆச்சு. பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. முதல் வரிசையில மொட்டைத் தலையோட உக்காந்து "அ, ஆ" சொன்னாரு. அப்போ தூதன் ரெண்டாவது தடவை வந்தான். இந்தத் தடவை கொஞ்சம் விவரமா, பின்னால போய் நின்னு சட்டுன்னு, "பெரியவரே!"ன்னு கூப்பிட்டான்.

வருஷக்கணக்கா அந்த மரியாதைக்குத் திரும்பின கழுத்து. திரும்பாம இருக்குமா? ஆனா பாரு, அந்தச் சமயம் பக்கத்துல இருந்த பொடிப்பய அவரு கமர்கட்டைப் பிடுங்கிட்டான். இவரு அவன் மேல பாய்ஞ்சு, ரெண்டு பேரும் மண்ணுல கட்டிப் புரண்டு, "குடுடா! குடுடா!"ன்னு ஒரே கூச்சல். பெரியவர்னு கூப்பிட்டது காதுலயே விழலை. தூதன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "குழந்தையேதான்"னு போயிட்டான்.

எண்ணிக்கோ, எத்தனை தடவை ஆச்சு?

"ரெண்டு."

சமர்த்து. அப்புறம் ஒரு நாள் வடிவு அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டே சொன்னா, "என்னங்க, மீசையை வழிச்சாச்சு, பல்லைப் பிடுங்கியாச்சு. ஆனா வயசு அங்க எல்லாம் இல்ல. பொங்கல் வந்தா நீங்க என்ன சொல்றீங்க? 'அதுக்குள்ளயா?' தீபாவளி வந்தா? 'அதுக்குள்ளயா?' எந்தக் குழந்தையாவது அப்படிச் சொல்லுமா? அது 'எப்போ வரும், எப்போ வரும்'னு நச்சரிக்கும். அந்த ஒரு வார்த்தையில மாட்டிப்பீங்க."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டுது. அன்னையில இருந்து பயிற்சி. விடிஞ்சா, "அம்மா, தீபாவளி எப்போ வரும்?" பொழுது சாஞ்சா, "அம்மா, பொங்கல் எப்போ வரும்?" வடிவைத்தான் அம்மான்னு கூப்பிடறாரு. அம்மான்னு கூப்பிட ஒரு பிள்ளை இல்லைன்னு அவ முப்பது வருஷமா கோயில் கோயிலா வேண்டினா. சாமி குடுத்துச்சு, இந்த லட்சணத்துல.

அதுல அவரு ஒண்ணைக் கவனிக்கலை. குழந்தையா இருக்கறது அவருக்கு முழுநேர வேலையாப் போச்சா, மாடு மேய்க்கிறது, தண்ணி இறைக்கிறது, கஞ்சி காய்ச்சறது, அவரைக் குளிப்பாட்டறது எல்லாமே வடிவுதான். அவருக்கு ஒரு வயசு ஏறினா அவளுக்கு ரெண்டு வயசு ஏறுன மாதிரி ஏறுச்சு. மத்தியான வெத்தலையும் நின்னு போச்சு. குழந்தைக்கு எதுக்கு வெத்தலை? அவளும் தனக்கு மட்டும் எதுக்குன்னு விட்டுட்டா.

"ம்."

அவருக்கு ஏழு வயசு ஆச்சு. தூதன் மூணாவது தடவை வந்தான். நேரா வந்து எதிர்ல உக்காந்தான். "தம்பி, தீபாவளிக்கு இன்னும் பத்தே நாள்தான் இருக்கு, தெரியுமா?"

தில்லைவனம் காலை உதைச்சுக்கிட்டு, "பத்து நாளா! அவ்வளவு நாளா! எப்போம்மா வரும்? இப்பவே வரச் சொல்லும்மா!"ன்னு தரையில புரண்டாரு பாரு, உன்னால கூட அப்படிப் புரள முடியாது. தூதன் ஓலையை மடிச்சுட்டான். "ஜெயிச்சுட்டே தம்பி. அறுபது வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்."

எந்திரிச்சான். எருமைகிட்டப் போனான். திரும்பி வந்தான். "மறந்தே போயிட்டேன். வந்தது வந்தேன், இதே வீட்டுக்கு இன்னொரு ஓலை இருக்கு." பிரிச்சான். "வடிவாம்பாள். பராபவ வருஷம். இந்த மாசத்தோட அறுபது முடிஞ்சுது. அம்மா, கிளம்பறீங்களா?"

தில்லைவனம் திரும்பி அவளைப் பார்த்தாரு. ஏழு வருஷமா அவளைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தாரு, கஞ்சி எப்போ வரும்னு. இப்போதான் முகத்தைப் பார்த்தாரு. தலை பஞ்சாட்டம் வெளுத்துப் போச்சு. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி நிக்குது. அவரு வாயில இருந்து, அவரைக் கேக்காமலே, வந்துடுச்சு.

"அதுக்குள்ளயா?"

தூதன் மெதுவாச் சிரிச்சான். "பெரியவரே, மாட்டிக்கிட்டீங்க."

"நான் மாட்டினா மாட்டிட்டுப் போறேன். அவளை விடு. அவளும் இந்தப் பராபவத்துலதான் பிறந்தா! கைக்குழந்தை!"

இந்த ஏழு வருஷத்துல தூதனுக்கும் வாதாட வந்துடுச்சு. "சரி, குழந்தைன்னா தாய் வேணுமே, யாரு வளர்ப்பா? உங்களுக்கு ஏழு வயசுன்னா உங்களால இவங்களைத் தூக்க முடியாது. அறுபத்தேழுன்னா நீங்களே கிளம்பணும்."

வாழ்க்கையில முதல் தடவையா தில்லைவனம் வாதத்துல தோத்து, பொலபொலன்னு அழுதுட்டாரு. "அழாதீங்க. ஆறிலும் சாவு நூறிலும் சாவு. வாங்க, சேர்ந்து போவோம்"னா வடிவு. அவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு தூதனைப் பார்த்தாரு. "தம்பி, ஒண்ணே ஒண்ணு குடு. இவ கையால ஒரு வெத்தலை. ஏழு வருஷம் ஆச்சுப்பா. அதை நான் மென்னு முடிச்சதும் ரெண்டு பேரும் வந்துடறோம்."

"ஒரு வெத்தலைதானே? சத்தியம்"னு தூதன் கையில அடிச்சுக் குடுத்துட்டு, கயிறை ஓரமா வெச்சுட்டு உக்காந்தான்.

நீ நினைக்கிறே, இதுவும் தந்திரம்னு. இல்லடி. வாயில ஒரு பல்லு இல்லைங்கறது அவருக்கே மறந்து போச்சு. வடிவுக்கு மறக்கலை. பத்தொன்பது தடவை கதவைச் சாத்தினவளாச்சே? வெத்தலை இடிக்கிற சின்ன உரல் ஒண்ணு பக்கத்துலயே இருந்துச்சு. அவ வெத்தலையை மடிச்சுக்கிட்டே, கால் கட்டைவிரலால அந்த உரலை மெதுவா, மெதுவா, கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. வெத்தலையை அவரு வாயில வெச்சா. அவரு ஈறால மெல்லறாரு. மொச்சு... மொச்சு... மொச்சு...

"முடிஞ்சுதா பெரியவரே?"

"ம்ஹூம்."

சாயங்காலம் ஆச்சு. "முடிஞ்சுதா?" "ம்ஹூம்." தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. மொச்சு... மொச்சு...

"சாப்பிடவே இல்லையா?"

வெத்தலையை ஒரு கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு இன்னொரு கன்னத்தால கஞ்சி குடிச்சாரு. குறுக்கக் கேள்வி கேக்காதே. மீசையும் வளர்ந்துச்சு, வெள்ளையா. மாட்டைப் பார்த்துக்கிட்டாரு, தண்ணி இறைச்சாரு. மத்தியானம் ஆனா வடிவு பக்கத்துல வந்து உக்காந்துக்குவாரு. அவ பேசுவா, அவரு "ம்" கொட்டுவாரு. அறுபது வருஷம் அவருக்கு மடமடன்னு ஓடிப்போச்சு, எங்க போச்சுன்னே தெரியாது. இந்த மத்தியானம் மட்டும் ஒவ்வொண்ணும் உன் "நாளைக்கு" மாதிரி நகராம நின்னுச்சு. எனக்குக்கூட அப்படி ஒரு மத்தியானம் வேணும்னு ஆசையாத்தான் இருக்கு.

தூதனுக்குத்தான் கஷ்டம். அவங்க லோகத்துல வயசு ஏறாது. நம்ம ஊர்ல சம்மணம் போட்டு உக்காந்து ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டிருந்தா ஏறாம என்ன பண்ணும்? மீசை அடர்ந்துச்சு, வயிறு வந்துச்சு. மத்தியானமானா கொர்... கொர்னு குறட்டை வேற. அவன் கொண்டு வந்த கயிறுல வடிவு துணி காயப்போட ஆரம்பிச்சுட்டா. இப்படியே பன்னெண்டு வருஷம்.

"ம்..."

அப்புறம் ஒரு நாள் வடிவு கேட்டா, "என்னங்க, சாறு இருக்கா?"

அவரு நாக்கால துழாவிப் பார்த்தாரு. "இல்ல வடிவு. சக்கைதான் இருக்கு."

"சக்கையை எதுக்கு மெல்லறீங்க? தாடை வலிக்கப் போகுது."

அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சாங்க. யாரையும் தோக்கடிக்காம, சும்மா. தூ... அவ்வளவுதான். வாயைக் கொப்புளிச்சாரு. மாட்டை அவுத்து விட்டாரு. அவ கயிறுல காயற துணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சா. தூதன்கிட்டப் போயி, "தம்பி, எந்திரி. மென்னு முடிச்சாச்சு, போகலாம்"னு உலுக்கினாங்க.

அவன் திடுக்குன்னு முழிச்சான். முன்நெத்தியில ஒரு கொத்து நரை. கண்ணைக் கசக்கிக்கிட்டு, "அதுக்குள்ளயா?"ங்கறான்!

"மாட்டிக்கிட்டியா!"ன்னு வடிவு கை கொட்டிச் சிரிச்சா. எந்திரிக்கப் பார்த்தான், முடியலை. முழங்கால் ரெண்டும் கடக் கடக்குங்குது. எருமையும் கிழடாகி எங்கேயோ சேத்துல படுத்துக் கிடக்கு. என்ன பண்றது? தில்லைவனம் அவன் ஒரு கையைப் பிடிச்சாரு, வடிவு இன்னொரு கையைப் பிடிச்சா. "மெதுவா, தம்பி. மெதுவா. அவசரம் ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிக்கிட்டே, அவங்க ரெண்டு பேரும்தான் அவனைக் கைத்தாங்கலா எமலோகத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

மகிழ்? "ம்" எங்கே?

தூங்கிட்டியா?

டிடிங் டிடிங்... அட, மணி அடிக்குது. அதுக்குள்ளயா?

...ஐயையோ. நல்ல வேளை, நீ கேக்கலை. நாளைக்கு யாராவது இந்த அத்தை யாருன்னு கேட்டா, தாத்தாவோட தங்கச்சின்னே சொல்லு. தூங்குடி கண்ணு. கதையில சாறு தீர்ந்துச்சு, சக்கையைத் துப்பியாச்சு. நான் போய்த் தலையைக் கழுவறேன்.